486-க்கு 21 அங்குல ட்ரினிட்ரானா, 14 அங்குல மானிட்டரா?

பேட்டை_486 | சனி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். அப்பா திருநெல்வேலி பேட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியபோது கம்ப்யூட்டர் வகுப்புக்காக 1994-இல் வாங்கிய 486 டிஎக்ஸ்2-66 மிஷின் பரணில் கிடந்தது. போன மாதம் இறக்கினேன். மதர்போர்டு பேட்டரி கசிந்து பச்சை பிடித்திருந்தது. வினிகர் தொட்டுத் துடைத்து, இரண்டு ஒயர் இழுத்து, ஒரு வழியாக உயிர் வந்துவிட்டது. சிரஸ் லாஜிக் கிராஃபிக்ஸ் அட்டை, 1 எம்பி. டாஸ் 6.22. டூம், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, டேஞ்சரஸ் டேவ் மூன்று ஆட்டமும் ஓடுகின்றன.

அதோடு இருந்த 14 அங்குல மானிட்டர்தான் இல்லை. அதை அப்பா எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். இப்போதைக்கு 19 அங்குல அகல எல்சிடியில் மாட்டியிருக்கிறேன், பார்க்கச் சகிக்கவில்லை. டூமில் எல்லோரும் சப்பையாகத் தெரிகிறார்கள். திரும்பும்போது படம் விட்டுவிட்டுத் திக்குகிறது.

பெங்களூருவில் ஒருவர் 21 அங்குல சோனி ட்ரினிட்ரான் (பிக்சர் டியூப் மானிட்டர்) வைத்திருக்கிறார். அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பியபோது சாமான்களோடு வந்ததாம். 14,000 ரூபாய் கேட்கிறார், லாரி செலவு தனி. வாழ்க்கையில் ஒரு முறைதான் இப்படி ஒன்று வாங்கப்போகிறேன், நல்லதாகவே வாங்க ஆசை. வாங்கலாமா, பழையபடி 14 அங்குலமே போதுமா?

வள்ளியூர்_வூடூ | சனி, இரவு 10:05

கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். 21 அங்குல ட்ரினிட்ரான் இந்தப் பக்கம் இனி கிடைக்காது. 1600x1200 புள்ளியை 85 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 85 முறை, வரைந்து காட்டும். நாளைக்கு பென்டியம் 3 கம்ப்யூட்டர் ஒன்று கைக்கு வந்தாலும் அதே மானிட்டர் போதும்.

ஜங்ஷன்_மெக்கானிக் | ஞாயிறு, காலை 6:20

தம்பி, நான் 1991-லிருந்து ஜங்ஷனில் டிவியும் மானிட்டரும் பார்த்தவன். மானிட்டர் வேலை நின்றபிறகு கடையை மூடிவிட்டேன், ஆனால் கைப்பழக்கம் போகவில்லை. அவசரப்பட வேண்டாம். முதலில் உங்கள் ஆட்டம் திரையில் என்ன கேட்கிறது என்று பார்ப்போம்.

நீங்கள் சொன்ன டூம் 320x200-இல் ஓடுவது. 14 அங்குல மானிட்டரில் கண்ணுக்குத் தெரியும் படம் மூலைக்கு மூலை சுமார் 13 அங்குலம், அகலம் சுமார் 264 மி.மீ., உயரம் 198. அகலத்தை 320-ஆல் வகுத்தால் ஒரு புள்ளி 0.83 மி.மீ. உயரத்தை 200-ஆல் வகுத்தால் 0.99. அதாவது புள்ளி சதுரம் இல்லை, அகலத்தைவிட உயரம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். படம் வரைந்தவர்கள் அப்படித் தெரியும் என்று நினைத்துத்தான் வரைந்தார்கள். உங்கள் அகல எல்சிடி அதை இழுத்துச் சப்பையாக்குகிறது.

இப்போது 21 அங்குலம். தெரியும் அகலம் சுமார் 400 மி.மீ. ஒரு புள்ளி 1.25 மி.மீ. ஆகிவிடும். டியூபின் நிறக் கோடுகளோ 0.24, 0.25 மி.மீ. நெருக்கம். ஒரு புள்ளிக்குள் ஐந்து கோடு அடங்கும். அவ்வளவு கூர்மையான டியூபில் டூமைப் போட்டால் செங்கல் அடுக்கியதுபோல ஒவ்வொரு கட்டமும் விளிம்போடு தெரியும். அப்பாவின் பழைய 14 அங்குலத்தில் நிறப் புள்ளிகளின் இடைவெளி 0.28 இருந்திருக்கும், மலிவு மாடலானால் 0.39. புள்ளிகள் ஒன்றோடு ஒன்று லேசாகக் கலந்து, முகம் முகமாகத் தெரிந்திருக்கும். அன்றைக்கு அந்த ஆட்டத்தை வாங்கியவர்களில் பலர் மேசையில் இருந்தது கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

21 அங்குல ட்ரினிட்ரான் நல்ல பொருள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது 1600 புள்ளி அகலத்தில் படம் வரைந்தவர்களுக்காகச் செய்தது. 486-க்கு அது துணை இல்லை.

அந்தத் திக்கலுக்குக் காரணம் வேறு. விஜிஏ, அதாவது அந்தக் காலக் கம்ப்யூட்டர் மானிட்டருக்குப் படம் அனுப்பும் முறை, 320x200-ஐ நொடிக்கு 70 முறை வரையும். டூம் அதிகபட்சம் சரியாக அதில் பாதி, நொடிக்கு 35 படம். பல எல்சிடி உள்ளே 60-க்கு மாற்றிக்கொள்ளும். 70-இல் 10 படத்தை விழுங்கினால் திக்காமல் என்ன செய்யும்? பிக்சர் டியூப் மானிட்டர் வந்ததை வந்தபடியே வரையும்.

பாளை_கேமர் | ஞாயிறு, காலை 8:11

பழைய ஆட்டத்துக்கு நடுநடுவே கறுப்புக் கோடு தெரிந்தால்தான் அழகு. அதற்கு டிவிதானே சரி? ஒரு பழைய 21 அங்குல டிவியும் கன்வர்ட்டரும் போதுமே.

ஜங்ஷன்_மெக்கானிக் | ஞாயிறு, காலை 8:40

அது வீடியோ கேமுக்குச் சரி தம்பி, கம்ப்யூட்டருக்கு இல்லை. விஜிஏ 200 வரியையும் இரண்டிரண்டு முறை வரைந்து 400 வரியாகத்தான் அனுப்பும். வரி இடைவெளி அடைந்துவிடும். டாஸ் ஆட்டத்தில் அந்தக் கறுப்புக் கோடு அந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை. டிவியின் கிடைவரி வேகம் (நொடிக்கு எத்தனை ஆயிரம் வரி என்பது) 15 கிலோஹெர்ட்ஸ் சொச்சம், விஜிஏ 31.5. நேரடியாக மாட்டவும் முடியாது. கன்வர்ட்டர் போட்டால் 70 ஹெர்ட்ஸும் போச்சு, எழுத்தும் கலங்கும்.

பாளை_டீச்சர் | ஞாயிறு, மாலை 4:30

அண்ணாச்சி சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். 0.28 என்பதும் 0.25 என்பதும் ஒரே அளவுகோல் இல்லை. சாதாரண ஷேடோ மாஸ்க் (ஓட்டைத் தகடு வைத்த) டியூபில் ஒரே நிறப் புள்ளிகளுக்கு இடையே சாய்வாக அளந்து சொல்வார்கள். ட்ரினிட்ரான் வகையில் கோடுகளுக்கு இடையே நேர் கிடையாக அளப்பார்கள். சாய்வு 0.28 என்றால் கிடையாக 0.24 சொச்சம்தான். ஆகவே கடைச்சீட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. நிற்க.

நான் எழுத வந்தது வேறு. அமெரிக்காவிலிருந்து வந்த டியூப் என்றதும் எனக்கு நம் ஊர் நினைவுதான் வந்தது. பள்ளியில் காந்தச் சரிவு படித்தவர்களுக்குத் தெரியும். தடையில்லாமல் தொங்கவிட்ட காந்த ஊசி டெல்லியில் 40 டிகிரிக்கு மேல் தலை கவிழும். வடக்கே போகப்போகச் சரிவு கூடும். நம் திருநெல்வேலியில் ஊசி கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும், ஏனென்றால் காந்த நடுக்கோடு நம் பக்கமாகத்தான் போகிறது. திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பம் பார்க்கப் போகிறோமே, அதே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும் இதற்காகத்தான்.

இதற்கும் மானிட்டருக்கும் என்ன தொடர்பு? டியூபுக்குள் ஓடும் எலெக்ட்ரான் கற்றையைப் பூமியின் காந்தப்புலமும் தள்ளும். செங்குத்துப் புலம் கற்றையை இடவலமாகத் தள்ளும். ட்ரினிட்ரானில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் நின்ற கோடுகள். இடவலமாகக் கொஞ்சம் நகர்ந்தாலே பக்கத்து நிறத்தில் போய் விழும். அதனால் விற்கப்போகும் இடத்தை வைத்து வடக்கு, நடுக்கோடு, தெற்கு என்று தயாரிப்பாளர்கள் தனித்தனியாகச் சரிசெய்து அனுப்பினார்கள். அமெரிக்காவுக்கென்று பலமான செங்குத்துப் புலத்தை ஈடுகட்டிச் செய்த டியூப், அந்தப் புலமே இல்லாத நம் ஊருக்கு வந்தால் மூலைகளில் நிறம் கறைபடிந்ததுபோலத் தெரிய வாய்ப்பு உண்டு. டீகாஸ் (காந்தம் நீக்கும்) பொத்தான் கொஞ்சம் சமாளிக்கும், முழுதாகச் சமாளிக்காமலும் போகலாம்.

பல வருடம் இந்தச் சீமையிலேயே ஓடிய மானிட்டர் என்றால் இந்தக் கவலை இல்லை. படம் எப்படி இருக்கிறது என்று இங்கேயே கண்ணால் பார்த்து வாங்கலாம்.

பேட்டை_486 | ஞாயிறு, மாலை 5:02

டீச்சர், இருபது வருடமாக கிருஷ்ணாபுரம் வழியாகப் போகிறேன், இது தெரியாது. அண்ணாச்சி, உங்கள் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். 21 அங்குல ஆசை பாதி குறைந்துவிட்டது.

வள்ளியூர்_வூடூ | ஞாயிறு, இரவு 9:15

486-க்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய மானிட்டரே வேண்டாம் என்ற முடிவுக்குப் போய்விட வேண்டாம். 1998-க்குப் பிறகு வந்த ஆட்டங்களுக்கு 14 அங்குலம் அநியாயம். 1024 புள்ளியை 264 மி.மீ. அகலத்தில் திணித்தால் ஒரு புள்ளிக்கு 0.26 கூட வராது. டியூபின் சொந்தப் புள்ளியும் கிட்டத்தட்ட அதே அளவு, அப்புறம் எழுத்து எப்படித் தெளியும்? 17 அங்குலத்தில் அதே புள்ளிக்கு 0.32 கிடைக்கும். என்னிடம் இருப்பது 17 அங்குல எல்ஜி ஃப்ளாட்ரான். ஹாஃப்-லைஃப் ஆட்டத்தை 1024x768, 85 ஹெர்ட்ஸில் ஓட்டுகிறேன். இருட்டுச் சுரங்கப் பாதையில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். எந்த எல்சிடியிலும் எனக்கு அது கிடைத்ததில்லை.

தென்காசி_சாரல் | ஞாயிறு, இரவு 9:50

அண்ணே, இடையில் என் கேள்வியும் ஒன்று. மாமா வீட்டில் பென்டியம் 3 கிடைத்தது, அதில் ஒரு வூடூ 2 முப்பரிமாண அட்டை. 15 அங்குல மானிட்டரும் சேர்த்தே தருகிறார்கள். பின்னால் 30-54 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. இது போதுமா, 17 தேடவா?

வள்ளியூர்_வூடூ | ஞாயிறு, இரவு 10:20

தங்கச்சி, அதை விட்டுவிடாதே. ஒற்றை வூடூ 2 முப்பரிமாண ஆட்டத்தில் 800x600-க்கு மேல் போகாது. 1024x768 வேண்டுமென்றால் இரண்டு அட்டை இணைக்க வேண்டும். 800x600-ஐ 85 ஹெர்ட்ஸில் காட்ட 53.7 கிலோஹெர்ட்ஸ் தேவை. உன் மானிட்டரின் எல்லை 54. அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. ஆனால் அதே மானிட்டரில் 1024x768 வைத்தால் 60 ஹெர்ட்ஸ்தான் தாங்கும், அதற்கு 48.4 வேண்டும். 75-க்கு 60 கிலோஹெர்ட்ஸ், 85-க்கு 68.7. இரண்டும் அதற்கு எட்டாது.

விண்டோஸ் 98-இல் டிஸ்ப்ளே பிராப்பர்ட்டீஸுக்குள் போய் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பார். பலர் 60-லேயே விட்டுவிட்டு தலைவலி என்பார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் இன்னும் மோசம்.

வூடூ 2-வில் ஒரு விஷயம் கவனி. சாதாரண 2டி கிராஃபிக்ஸ் அட்டையின் படமும் அதன் வழியாகச் சின்ன ஒயரில் சுற்றித்தான் மானிட்டருக்கு வரும். ஒயர் மட்டமானதானால் டெஸ்க்டாப் எழுத்தில் நிழல் விழும். மானிட்டரைக் குறை சொல்வதற்கு முன் அந்த ஒயரை மாற்றிப் பார்.

தூத்துக்குடி_உப்புக்காற்று | திங்கள், காலை 7:05

எங்கள் பக்கத்திலிருந்து யாராவது மானிட்டர் தருவதாகச் சொன்னால் பின் காற்றோட்ட ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரை வீடுகளில் இருந்தவற்றில் உள்ளே திருகாணி, தகடு எல்லாம் உப்பு பூத்திருக்கும். அது மட்டுமில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை முழுக்கத் தண்ணீர் புகுந்த வீடுகளின் சாமான்கள் காய்ந்தபிறகு கைமாறியிருக்கின்றன. நான் ஒன்று வாங்கி ஏமாந்தேன். வெளியே பளிச்சென்று துடைத்திருந்தார்கள். உள்ளே தகட்டில் ஒரு விரல் உயரத்துக்கு வண்டல் கோடு. ஆன் செய்த நாலாவது நிமிடம் சர்ரென்று இரைந்து அணைந்தது.

அம்பை_ஆத்தங்கரை | திங்கள், மதியம் 1:30

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். எங்கள் வீட்டு மச்சில் ஒரு 14 அங்குல விஜிஏ மானிட்டர் இருக்கிறது. மச்சுக்கு வெள்ளம் வரவில்லை. பின் லேபிளில் 1995 என்று இருக்கிறது, கம்பெனி ஒட்டு உரிந்துவிட்டது. அம்மா தைத்த துணி உறை போட்டே இருந்தது. அண்ணன் படித்த காலத்தில் அதில்தான் எல்லாம். பேட்டைக்காரர் வந்து பார்த்துப் பிடித்தால் எடுத்துக்கொள்ளலாம். காசு எதுவும் வேண்டாம். உடைத்துச் செம்பு எடுக்கிறவர்களிடம் போகாமல் இருந்தால் போதும்.

பேட்டை_486 | திங்கள், மதியம் 1:52

அண்ணே, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. சனிக்கிழமை வருகிறேன். ஜங்ஷன் அண்ணாச்சி, போய் எதைப் பார்க்க வேண்டும்?

ஜங்ஷன்_மெக்கானிக் | திங்கள், இரவு 8:45

நல்ல மனசு அம்பை அண்ணாச்சிக்கு. நான் எழுதுவதை நிதானமாகப் படியுங்கள் தம்பி.

ரொம்ப நாள் ஓடாத மானிட்டர், அதுவும் ஆற்றங்கரை வீடு. எடுத்தவுடன் ஆன் செய்ய வேண்டாம். உறையைக் கழற்றி, தூசியைப் பிரஷ்ஷால் வெளிப்புறமாகத் தட்டி, காற்றோட்டமான அறையில் இரண்டு நாள் வைக்கச் சொல்லுங்கள். ஈரத் தூசி இருந்தால் உள்ளே உயர் மின்னழுத்தம் கசிந்து இரையும். மூடியைத் திறக்கவே கூடாது. கலர் டியூபின் ஆனோடில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கியபிறகும் தங்கும். தெரிந்த கைக்கே அது அடித்திருக்கிறது. என் வலது முழங்கை சாட்சி.

கேபிள் நுனியைப் பாருங்கள். 15 பின்னில் 9-ஆவது இல்லையென்றால் பதற வேண்டாம், பலவற்றில் அது கிடையவே கிடையாது. முதல் மூன்று பின்தான் சிவப்பு, பச்சை, நீலம். முதலாவது வளைந்திருந்தால் படம் முழுக்க நீலப்பச்சையாக இருக்கும், இரண்டாவது போனால் ஊதா கலந்த சிவப்பு, மூன்றாவது போனால் மஞ்சள். அது டியூபின் நோய் இல்லை, குறட்டால் நிமிர்த்தினால் சரியாகிவிடும்.

ஆன் செய்ததும் டங் என்று ஒரு சத்தம் வரும், அது டீகாஸ் சுருள். பிறகு அரை மணி நேரம் அதன் முன்னால் உட்காருங்கள். இது ரொம்ப முக்கியம். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வருகிறவன்தான் ஏமாறுவான். படம் மங்கலாக வந்து, பத்து நிமிடம் கழித்தே வெளிச்சம் ஏறினால் டியூப் வீக். வந்தவுடன் ஒரு நிறம் தூக்கலாக இருந்து பிறகு சமப்பட்டாலும் அதே கதையின் ஆரம்பம்.

அரை மணி கழித்து பிரைட்னஸை முழுக்கக் குறையுங்கள். திரை கறுப்பாக வேண்டும். சாம்பல் வெளிச்சமும் சாய்ந்த மெல்லிய கோடுகளும் தெரிந்தால், யாரோ எல்ஓடியில் (உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மரில்) இருக்கும் ஸ்கிரீன் திருகைத் தூக்கி வைத்து வீக் டியூபை நல்லதுபோலக் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த வேலையை எங்கள் தொழிலில் நிறையப் பேர் செய்தார்கள். நான் செய்ததில்லை.

அப்புறம் டாஸ் எழுத்தைத் திரை நிறைய ஓடவிட்டு நாலு மூலையிலும் படியுங்கள். நடுவில் கூர்மையாகவும் ஒரே ஒரு மூலையில் கலங்கியும் இருந்தால் மன்னிக்கலாம். பக்கவாட்டில் உள்ளங்கையால் மெல்லத் தட்டும்போது படம் துள்ளினால் ட்ரை சோல்டர் (பற்றவைப்பு விட்டுப்போனது), அது பத்து நிமிட வேலை, பேட்டைக்கே வந்து செய்துதருகிறேன்.

தூக்கும்போது கண்ணாடி உங்கள் நெஞ்சுப் பக்கம் இருக்கட்டும், பாரம் முழுக்க அங்கேதான். வைக்கும்போது மெத்தை மேல் கண்ணாடி கீழாக. பின்னால் இருக்கும் கழுத்துதான் உடையும் இடம்.

பேட்டை_486 | ஞாயிறு, காலை 11:10

போய்விட்டு வந்துவிட்டேன். அம்பை அண்ணன் வீட்டில் மானிட்டரை இரண்டு நாள் முன்பே இறக்கிவைத்திருந்தார்கள். அரை மணி இல்லை, முக்கால் மணி உட்கார்ந்தேன். வெளிச்சம் உடனே வந்தது. பிரைட்னஸைக் குறைத்தால் கிணறு மாதிரி கறுப்பு. வலது கீழ் மூலையில் மட்டும் எழுத்து கொஞ்சம் மங்கல். செங்கோட்டை பாசஞ்சரில் தலையணை மேல் கவிழ்த்து வைத்து, பேட்டையில் இறங்கி ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

டூம் போட்டேன். அண்ணாச்சி, நீங்கள் சொன்ன அந்த முகம் முகமாகத் தெரிவது இப்போதுதான் புரிகிறது. திக்கல் சுத்தமாக இல்லை.

ஒரே ஒரு குறை. அம்பையில் நேராக இருந்த படம் இங்கே லேசாகச் சாய்ந்திருக்கிறது. இடது பக்கம் இறங்கி, வலது பக்கம் ஏறி. முன்னால் நாலு திருகுதான், சாய்வைச் சரிசெய்ய ஒன்றும் இல்லை. வரும் வழியில் ஏதாவது ஆட்டிவிட்டேனா?

பாளை_டீச்சர் | ஞாயிறு, மதியம் 12:05

தம்பி, மேசை எந்தத் திசையில் இருக்கிறது? திரை வடக்கு அல்லது தெற்குப் பார்த்திருக்கிறதா?

பேட்டை_486 | ஞாயிறு, மதியம் 12:08

வடக்கு.

பாளை_டீச்சர் | ஞாயிறு, மதியம் 12:30

அப்படியானால் எதுவும் உடையவில்லை. நம் ஊரில் செங்குத்துப் புலம் இல்லாவிட்டாலும் தெற்கு வடக்காகப் போகும் கிடைப்புலம் நல்ல பலம். டியூப் அதே திசையில் நீட்டிக்கொண்டு இருந்தால் புலம் கற்றையின் பாதையோடு ஓடி, முழுப் படத்தையும் கொஞ்சம் சுழற்றிவிடும். அம்பையில் திரை கிழக்கோ மேற்கோ பார்த்திருக்கும். மேசையைக் கிழக்குப் பார்க்கத் திருப்புங்கள். சாய்வு போய், படம் சற்று மேலோ கீழோ நகரும். அதற்கு உங்கள் நாலு திருகில் ஒன்று இருக்கும்.

ஜங்ஷன்_மெக்கானிக் | ஞாயிறு, மதியம் 12:41

டீச்சர் சொன்னது சரி. திருப்பியபிறகு உடனே ஆன் செய்ய வேண்டாம் தம்பி. அரை மணி அணைத்துவையுங்கள். சூடு ஆறினால்தான் டீகாஸ் முழு வேகத்தில் அடிக்கும். உங்கள் மாடலில் அதற்குத் தனிப் பொத்தான் இருக்காது, ஆன் செய்யும்போது மட்டும்தான். சின்ன யுபிஎஸ்ஸில் மாட்ட வேண்டாம், அந்த ஒரு நொடி இழுப்பில் ட்ரிப் ஆகும்.

அம்பை_ஆத்தங்கரை | ஞாயிறு, மதியம் 1:15

ஆமாம், எங்கள் வீட்டில் அது கிழக்கே ஆற்றைப் பார்த்துத்தான் இருந்தது.

பேட்டை_486 | ஞாயிறு, மாலை 6:50

திருப்பிவிட்டேன். படம் நேராகிவிட்டது. கொஞ்சம் கீழே இறங்கியிருந்ததைத் திருகில் ஏற்றினேன்.

அப்பா சத்தம் கேட்டு எழுந்து வந்தார். கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் குனிந்து, கான்ட்ராஸ்ட் திருகைக் கால்வாசி குறைத்துவிட்டு, "இவ்வளவு வைக்காத, டியூப் போயிரும்" என்றார். இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகளிடம் தினமும் சொன்னது அது. இப்போது அவர்தான் டேஞ்சரஸ் டேவ் ஆடிக்கொண்டிருக்கிறார், எனக்கு நாற்காலி இல்லை.

வள்ளியூர்_வூடூ | ஞாயிறு, இரவு 9:30

அப்பாவுக்கு என் வணக்கம். அந்த பெங்களூரு 21 அங்குலம் இன்னும் இருந்தால் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். என் பென்டியம் 3-க்கு அது பொருந்தும். லாரியில் வரவழைக்காமல் நானே போய், அரை மணி உட்கார்ந்து, மூலை நிறத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.